ரியோக்கானில் தங்கப் போகிறீர்களா?



ஜப்பானுக்குப் பயணம் செல்வோருக்கு 'ரியோக்கான்' எனும் பாரம்பரிய விடுதியில் ஓரிரவேனும் தங்க ஆசை வரும். நியாயமான ஆசைதான். யமனாஷியிலுள்ள கெய்உன்கான் விடுதி கி.பி. 705இல் தொடங்கியதாம், உலகின் மிகப் பழைய ஹோட்டல் என 2011இல் கின்னஸ் அதனைப் பதிவு செய்தது.

வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். பாய் விரித்த அறையில் நிலத்திலேயே அமர்வு. இரவில் அங்கேயே மெத்தை விரித்துத் தருவார்கள். இதெல்லாம் நமக்குப் புதிதா என்ன? விடுதியை நடத்துபவரும் பெரும்பாலும் ஒரு பெண்தான். 'ஒகாமி' என்பார்கள்.

சாப்பாட்டில்தான் கவனம் தேவை. இராச் சாப்பாடு பெரும்பாலும் வாடகையிலேயே அடங்கும்; சின்னச் சின்னப் பாத்திரங்களில் ஒவ்வொன்றாக வரும். மீனும் மரக்கறியும்தானே என்று கை வைத்துவிடாதீர்கள். மீன் சுடும்போதும் மரக்கறி அவிக்கும்போதும் சோயா சோஸுடன் 'மிரின்' சேர்ப்பது அவர்கள் வழக்கம். மிரின் என்பது இனிப்பான அரிசி மது. 'பன்றி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் இது தப்பி வந்துவிடும். சமையலை முன்கூட்டியே திட்டமிடுவதால், போய் இறங்கியபின் சொல்லியும் பயனில்லை. அறை பதியும்போதே மிரின், சாகே என்று பெயர் குறிப்பிட்டுக் கேளுங்கள். மறுத்தால் சாப்பாடில்லாமல் அறையை மட்டும் எடுக்கலாமா என்று விசாரியுங்கள்.

வெந்நீரூற்றுக் குளியல் பெரும்பாலும் ஆண், பெண் தனித்தனிதான். ஆனால் உடையின்றியே இறங்க வேண்டும். பெண்களுக்கிடையிலும் அவ்ரத் உண்டல்லவா! குடும்பத்துக்கென ஒதுக்கித் தரும் 'கஷிகிரி' குளியலறை பல விடுதிகளில் இருக்கிறது. அதையும் முன்பே கேட்டு வையுங்கள்.

குளித்தபின் அணியத் தரும் யுகாத்தா அங்கியில் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது அவர்களிடம் மய்யித்துக்கு உடுத்தும் முறை.