விழாவுக்குச் சொந்தக்காரர் யார்?

ஒரு திரைப்பட விழா சுயாதீனமானதா என்பதை அதன் வரவு செலவுக் கணக்கே சொல்லும் என்று நாம் கருதுகிறோம். விழாவுக்கான பணம் மூன்று வழிகளில் வருகிறது: அரசோ நிறுவனமோ தருவது, படம் அனுப்புகிறவரிடம் வசூலிப்பது, பார்க்க வருகிறவர் கொடுப்பது. முதலிரண்டை நம்பி நடப்பவை தம்மைச் 'சுயாதீன விழா' என்று அழைத்துக்கொள்வதை மறுக்கவே இதை எழுதுகிறோம்.

முதல் வழியின் விலை 2004-இல் மும்பையில் தெரிந்தது. அரசின் பிலிம்ஸ் டிவிஷன் நடத்திய மும்பை சர்வதேசத் திரைப்பட விழா, இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்றிதழைக் கட்டாயமாக்க முயன்றது. இயக்குநர்கள் திரண்டு எதிர்த்தபின் நிபந்தனை விலகியது. ஆனால் குஜராத்தின் 2002 வன்முறையைப் பதிவுசெய்த ராகேஷ் சர்மாவின் 'ஃபைனல் சொல்யூஷன்' போன்ற படங்கள் தேர்வில் விடுபட்டன. அப்படங்களுக்காக இயக்குநர்களே அதே நகரில் 'விகல்ப்' என்ற மாற்று விழாவை நடத்த வேண்டியதாயிற்று.

இரண்டாம் வழி இன்னும் இழிவானது. இணையத்தில் நுழைவுக் கட்டணம் பெற்று, மாதந்தோறும் பற்பல பிரிவுகளில் விருது அறிவித்து, இலை வளைய முத்திரையை மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும் 'சர்வதேச விழாக்கள்' பெருகிவிட்டன. அவற்றுள் பலவற்றுக்குத் திரையுமில்லை, பார்வையாளருமில்லை. கடன் வாங்கிக் குறும்படம் எடுத்த இளைஞர் சுவரொட்டியில் பத்து முத்திரைகளைப் பதித்துக்கொள்கிறார். படத்தைப் பத்துப் பேர்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.

கட்டணம் வாங்குவோர் அனைவரும் மோசடிக்காரரா என்று கேட்கலாம். அல்லர். அனுப்பிய படத்தை முழுதாகப் பார்த்து, நேர்மையாகத் தேர்ந்து, அரங்கில் திரையிடுவோரும் உண்டு. ஆயினும் நிராகரிக்கப்பட்டவர்களின் பணத்தில் விழா நடக்கும்போது நிராகரிப்பே வருமானமாகிவிடுகிறது. எத்தனை அதிகம் பேர் தோற்கிறார்களோ அத்தனைக்கு விழா செழிக்கும்.

புரவலரின்றி விழா எடுக்க இயலுமா? கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984-இல் தொடங்கிய ஒடேசா இயக்கம், மக்களிடம் சிறுதொகைகள் திரட்டி 'அம்ம அறியான்' (1986) படத்தை எடுத்தது. ஊர் ஊராகத் திரையிடலும் நடத்தியது. கோரக்பூரில் 2006-இல் தொடங்கிய 'எதிர்ப்பின் சினிமா', அரசு, பெருநிறுவனம், தொண்டு நிறுவனம் எதனிடமும் பணம் பெறாமல், பார்வையாளரின் நன்கொடையைக் கொண்டே பல வட இந்திய நகரங்களுக்குப் பரவியது. அங்கே குளிரூட்டிய அரங்கும் சிவப்புக் கம்பளமும் இல்லை. படமும், படம் முடிந்தபின் வாதிடும் மனிதர்களும் இருந்தார்கள்.

சிறுபத்திரிகையைச் சந்தாவால் வாழவைத்த வாசகர்களுக்கு இந்தப் பொருளாதாரம் அந்நியமானதல்ல. நூறு பேர் ஆளுக்கு இருநூறு ரூபாய் தந்தால் இருபதாயிரம் சேரும். சிற்றூர் ஒன்றில் ஒரு மண்டபமும் புரொஜெக்டரும் வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் படம் காட்ட அது போதும். படங்கள் குறைவாக இருக்கலாம். தேர்ந்தெடுத்தவர் யாருக்கும் கடன்பட்டிருக்கமாட்டார்.

ஆகவே விழா தொடங்க விரும்பும் நண்பர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றுதான். முதலில் உண்டியலை வையுங்கள், கடைசி நாளில் கணக்கை அரங்க வாயிலில் ஒட்டுங்கள். அதற்குத் துணிவில்லையெனில் 'சுயாதீனம்' என்ற சொல்லையாவது விட்டுவிடுங்கள்.