அச்சம் எப்போது சுவையாகிறது?

கொடுமையான நிகழ்வுகளைக் கேட்கவும் பார்க்கவும் மனிதர்களுக்கு இருக்கும் நாட்டம் சினிமாவுக்கும் செல்போனுக்கும் வெகுகாலம் மூத்தது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது அழுகை, இளிவரல், அச்சம் ஆகியவற்றை நகைக்கும் உவகைக்கும் சமமாகவே வைக்கிறது. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. தெய்வமும் பேயும், காட்டு மிருகம், வழிமறித்துப் பறிப்பவர், தம்மை ஆளும் அரசு என்று இவற்றுக்குப் பொருள் கொள்ளலாம். ஒசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகக் காவிரிக்கரை வரை நீளும் எல்லைப்புறமும் அதை ஒட்டிய பழைய தருமபுரி மாவட்டமும் இந்த நால்வகை அச்சத்தையும் நேரில் பார்த்தவை. அந்த அச்சங்கள் கல்லில் ஏறின, கூத்தாயின, புத்தகமாயின, இணையத் தொடராயின. ஆனால், நான்கும் ஒரே அளவில் சுவைக்கப்படவில்லை. காரணம் அச்சத்தின் அளவில் இல்லை, கதையின் அமைப்பில் இருக்கிறது.

உடல் சார்ந்த விளக்கம் எளியது. ஆபத்தைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது. அந்த ஆபத்து தன்னைத் தொடாது என்று மனதுக்குத் தெரிந்துவிட்டால் அதே படபடப்பு இன்பமாகிறது. மிளகாயின் எரிச்சலை நாக்கு விரும்பப் பழகுவது எப்படி என்று ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின், சோகப் படமும் திகில் படமும் அந்த வகையிலேயே சேரும் என்றார். எரிகிறது, ஆனால் புண்ணில்லை. டென்மார்க்கில் பேய் வீடு ஒன்றுக்குள் போய்வந்த 110 பேரின் இதயத் துடிப்பைப் பதிவுசெய்து 2020-ல் வெளியான ஆய்வு, பயம் மிகக் குறைந்தாலும் சுவையில்லை, மிக அதிகமானாலும் சுவையில்லை, நடுவளவில்தான் மகிழ்ச்சி உச்சம் தொடுகிறது என்று கண்டது. இதில் அறிவின் தேவையும் கலந்திருக்கிறது. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் எந்த வளைவில் லாரி கவிழ்ந்தது என்று டீக்கடையில் துருவித் துருவிக் கேட்பவர், மறுநாள் அதே வளைவைக் கடக்க வேண்டியவர்.

எனவே, தூரம்தான் முதல் நிபந்தனை. 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிப் பிரச்சினையில் பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் கொளுத்தப்பட்டபோது, அந்தக் காட்சியைத் தொலைக்காட்சிகள் ஓயாமல் ஓட்டின. மதுரையிலும் திருநெல்வேலியிலும் கண்ணிமைக்காமல் பார்த்தார்கள். போக்குவரத்து நின்றுபோய், பைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு நடந்தே எல்லை கடந்தவர்களுக்கு அது பார்க்கும் பொருளாக இருக்கவில்லை.

தூரம் மட்டும் போதாது. யார் பக்கம் நின்று கதை சொல்லப்படுகிறது என்பதும் சேர வேண்டும். இதற்கு இந்த எல்லைப்புறக் காட்டின் புலிக்கதைகளை விடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. பெங்களூருவில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) எழுதிய முதல் வேட்டை நூல் 1954-ல் லண்டனில் வெளியானது. ஜவளகிரி ஆட்கொல்லிப் பெண்புலியின் கதையும் கும்மளாபுரம் சிறுத்தையின் கதையும் அதில்தான் வருகின்றன. கும்மளாபுரம் சிறுத்தை 42 பேரைக் கொன்றதாக அவர் எழுதுகிறார். இருட்டுவதற்குள் கதவடைத்துக் கொள்ளும் கிராமங்களை அவர் விவரிக்கும் பக்கங்கள் இன்றைக்கும் மயிர்க்கூச்செறிய வைப்பவை. ஜவளகிரியில் ஆண்புலியின் குரலைத் தானே எழுப்பிப் பெண்புலியை அருகே வரவழைக்கும் இடத்தில் படிப்பவரின் மூச்சு நின்றுவிடும். ஆனால், அந்த மூச்சு வேட்டைக்காரரோடு சேர்ந்துதான் நிற்கிறது. விறகு பொறுக்கப் போன பெண்ணும் மாடு மேய்த்த ஆளும் கதையைத் தொடங்கிவைக்க மட்டும் வந்து போகிறார்கள். இறந்தவர்கள் எண்ணிக்கையாகிறார்கள், துப்பாக்கி வைத்திருப்பவர் கதாநாயகர் ஆகிறார்.

இதே மண்ணில் இன்னொரு முறையும் இருந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் கிடைக்கும் நடுகற்களில் புலிகுத்திப்பட்டான் கல் ஒரு தனி வகை. பாய்ந்து வரும் புலி, அதன்மேல் ஆயுதத்தைப் பாய்ச்சும் மனிதன் என்று காட்சி நேரடியானது. சண்டையின் விறுவிறுப்புக்கு அதிலும் குறைவில்லை. எழுத்துள்ள நடுகற்களில் வீரனின் பெயரும் ஊரும் இருக்கும். கதை செத்தவனுடையது. பிழைத்து வந்து சொன்னவனுடையது அல்ல. ஒரு கொடுமையை ரசிப்பது என்றாலே இறந்தவரை மறப்பதுதான் என்று விதி எதுவும் இல்லை என்பதற்கு இந்தக் கற்கள் சாட்சி.

இன்றைக்குப் புலியின் இடத்தில் யானை நிற்கிறது. ராகி விளையும் பருவத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து கூட்டமாக இறங்கிச் சானமாவு, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் தங்கும் யானைகள் பயிரை அழிக்கின்றன, ஆட்களையும் கொல்கின்றன. அவை சாலையைக் கடக்கும்போது வனத்துறையினர் வண்டிகளை நிறுத்துகிறார்கள். நிறுத்தப்பட்டவர்கள் செல்போனோடு இறங்கி ஓடுகிறார்கள். ராத்திரி காவலுக்குப் போகும் ராகி விவசாயி அந்த ஓட்டத்தில் இருப்பதில்லை.

அணங்கு பிறப்பிக்கும் அச்சத்தைக் கையாள இந்த வட்டாரத்துக்குத் திரௌபதி அம்மன் திருவிழா உண்டு. கோடையில் ஊர் ஊராக நடக்கும் மகாபாரதக் கூத்து, போர்ப் பகுதிக்கு வந்ததும் சாவு சாவாக நகர்கிறது: அரவான், அபிமன்யு, கர்ணன். கடைசி நாள் துரியோதனன் படுகளம். மைதானத்தில் பல அடி நீளத்துக்கு மண்ணால் துரியோதனன் உருவம் செய்து படுக்க வைத்திருப்பார்கள். வேடமிட்டவர்கள் அதைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சண்டையிட்ட பிறகு பீமன் தொடையைப் பிளப்பான். அங்கே மறைத்து வைத்த சிவப்பு நீர் கொப்பளிக்கும். திரௌபதி அதைக் கூந்தலில் தடவி முடிவாள். கூடியிருக்கும் பெண்கள் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். திகிலும் குரூரமும் குறைவின்றி உண்டு, பாப்கார்ன் விற்பவரும் உண்டு. இருந்தாலும் அங்கே பார்வையாளர் மட்டும் என்று யாரும் இல்லை. காப்புக் கட்டியவரும் விரதம் இருந்தவரும் ஒப்பாரி வைப்பவரும் அதே கூட்டத்தில் நிற்கிறார்கள். கொடுமையைச் சுவைத்தவர்கள் அதற்குரிய துக்கத்தையும் அனுசரித்துவிட்டே வீடு திரும்புகிறார்கள். திரைக்கு இந்தக் கடமை கிடையாது. திரையைப் பற்றிய கவலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கள்வர் என்று வரும்போது சந்தனமரம் கடத்திய வீரப்பனைத் தவிர்க்க முடியாது. நூற்றுக்கும் மேற்பட்ட கொலைகள் அவர்மீது சுமத்தப்பட்டன. 2000 ஜூலை 30 அன்று கடத்தப்பட்ட கன்னட நடிகர் ராஜ்குமார் 108 நாள் கழித்து விடுவிக்கப்படும்வரை ஒசூர் எல்லை பதற்றத்தில் இருந்தது. 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே ஆம்புலன்ஸ் வேனில் வந்த வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டார். உடலைப் பார்க்கத் தருமபுரி அரசு மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது. அதன் பிறகு கதைக்கு ஓய்வே இல்லை. மக்கள் தொலைக்காட்சியில் ‘சந்தனக்காடு’ தொடர், 2013-ல் ‘வனயுத்தம்’, 2016-ல் ராம் கோபால் வர்மாவின் கன்னடப் படம், 2023-ல் நெட்ஃபிளிக்ஸிலும் ஜீ5-லும் தனித்தனி ஆவணத் தொடர்கள். ‘வனயுத்தம்’ படத்தை எதிர்த்து அவருடைய மனைவி முத்துலட்சுமி வழக்காடினார். 25 லட்சம் ரூபாய் இழப்பீட்டோடு படம் வெளியாக உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

இத்தனை முறை ஒரே கதை சொல்லப்படக் காரணம் கொலைகளின் எண்ணிக்கை அல்ல. கதைக்கு வேண்டிய எல்லாம் இதில் அமைந்திருக்கிறது: மீசை வைத்த ஒரு முகம், முடிவில்லாத காடு, இரண்டு மாநிலக் காவல் துறைகள், பல ஆண்டுத் துரத்தல், கடைசியில் ஒரு இரவில் எல்லாம் முடிந்துபோகும் சூழ்ச்சி. மனம் ரத்தத்தைவிடத் துரத்தலையே அதிகம் விரும்புகிறது. துரத்தல் இருந்தால் முடிவு உண்டு, முடிவு இருந்தால் நிம்மதி உண்டு. ஜவளகிரிப் புலிக்கதையின் எலும்புக்கூடும் இதுதான்.

தம் இறையால் வரும் அச்சத்துக்கு இந்த எலும்புக்கூடு இல்லை. சந்தனமரத்தைத் தேடுகிறோம் என்று 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் அரூர் அருகே வாச்சாத்தி கிராமத்துக்குள் நுழைந்தார்கள். கிருஷ்ணகிரியும் அன்று அடங்கியிருந்த தருமபுரி மாவட்டம் அது. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டார்கள். ஊரே சூறையாடப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் உயிரோடு இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-ல். வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையின் முகாம்களில் வதைபட்டவர்களில் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் வழங்க தேசிய மனித உரிமை ஆணையம் 2007-ல் பரிந்துரைத்தது. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் அந்த வதைகளைப் பதிவுசெய்தது. ஆனால், வீரப்பனுக்குக் கிடைத்த பார்வையாளர்களில் சிறு பங்குகூட இவற்றுக்குக் கிடைக்கவில்லை. 269 பேருக்கு ஒரு முகம் கிடையாது. முப்பது ஆண்டு நீதிமன்ற நடையில் துரத்தல் கிடையாது. அதைவிட முக்கியமாக, பார்ப்பவருக்குத் தூரமும் கிடையாது: புலி காட்டில் இருக்கிறது, தாலுகா அலுவலகம் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. 2023-ல் வெளியான வெற்றிமாறனின் ‘விடுதலை’ காவல் வதையைப் பெருந்திரளான மக்களிடம் கொண்டுசென்றது. அந்தப் படமும் ஒரு தலைமறைவுத் தலைவரைத் தேடும் வேட்டையை முதுகெலும்பாக வைத்துக்கொண்டே அதைச் செய்தது. அது குறையல்ல. எந்த வடிவத்தில் சொன்னால் மக்கள் கேட்பார்கள் என்று தெரிந்து, அந்த வடிவத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொன்ன திறமை.

தொல்காப்பியப் பட்டியலில் இல்லாத ஐந்தாவது ஒன்று இந்தத் தொழில் பகுதிக்கு உண்டு: விபத்து. 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, எல்லையைத் தாண்டிய உடனே இருக்கும் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்து 14 பேர் இறந்தார்கள். பின்பு எண்ணிக்கை கூடியது. இறந்தவர்களில் பலர் தீபாவளி நேரத்துக் கூலிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள். அரூர் பக்கத்து அம்மாபேட்டையிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. பட்டாசு சிதறி எரியும் சில நொடி வீடியோ அன்று மாலைக்குள் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. அதில் புலியும் இல்லை, மீசையும் இல்லை. எனவே, சில நாளில் அடங்கியது. அந்த இளைஞர்களை அழைத்துப்போனவர் யார், பேசிய கூலி எவ்வளவு, கடைக்குப் பின்வாசல் இருந்ததா, உரிமம் கொடுத்தவர்கள் எவ்வளவு சரக்குக்குக் கொடுத்தார்கள் என்பவை அந்த வீடியோவில் தெரியாதவை. அவற்றைத் துரத்திப் போனால் வீரப்பன் கதைக்குச் சற்றும் குறையாத விறுவிறுப்பு கிடைக்கும். அந்தக் கதையை எழுத இன்னும் இடம் இருக்கிறது.