சோலை இருந்தால்தான் ஓடை!

தாம்பரம் பக்கம் ஓடும் அடையாற்றில் கோடையில் தண்ணீர் 30 டிகிரியைச் சுலபமாகத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். 10 டிகிரி தண்ணீரிலோ 11-க்கும் மேல்! நீலகிரியின் குளிர் ஓடைகளுக்கு உள்ள பலமே இதுதான்.

இந்தக் குளிரை நம்பித்தான் 1907-ல் ஆங்கிலேயர்கள் அவலாஞ்சியில் ட்ரவுட் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். ஆனால் ட்ரவுட் வெளியிலிருந்து வந்த மீன். ஓடையின் சொந்தக்காரர்கள் கல்லுக்கடியில் வாழும் பூச்சிகளின் புழுக்கள்தான். நிழலில் பாசி அதிகம் வளராது; சோலை மரங்கள் உதிர்க்கும் இலைதான் அவற்றுக்குச் சாப்பாடு. அந்தப் புழுக்களைத் தின்றுதான் மீனும் தவளையும் வாழ்கின்றன.

சோலைகளையும் புல்வெளிகளையும் அழித்து சீகை, யூகலிப்டஸ் நட்டார்கள். "அதுவும் மரம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணெய்ப் பசையுள்ள யூகலிப்டஸ் இலையைப் புழுக்கள் லேசில் தின்பதில்லை. மழையைப் பிடித்து வைத்து மெல்லக் கசியவிடும் புல்வெளி போனதால் ஓடைக்கு வரும் நீரும் குறைகிறது.

அவலாஞ்சித் தண்ணீர் பவானி வழியாகக் காவிரியில் சேர்கிறது. 2004 முதல் வீராணம் வழியாகச் சென்னை குடிப்பதும் காவிரித் தண்ணீரைத்தான். எனவே மீன் குஞ்சு விடுவதை விட, சோலையையும் புல்வெளியையும் மீட்பதுதான் அவசர வேலை.