முள்ளைக் கண்டு முகம் சுளிக்கலாமா?

செடியில் முள் இருந்துவிட்டால் போதும், நம்மவர்களுக்கு அது உடனே களையாகிவிடுகிறது. ஒருவர் மண்வெட்டியைத் தூக்குகிறார். மற்றொருவர் களைக்கொல்லி டப்பாவைத் திறக்கிறார். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தரிசுகளில் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும் கண்டங்கத்திரிக்கு என்றும் இந்த மரியாதைதான். இது நியாயமா என்று சற்றே யோசிப்போம்.

கண்டங்கத்திரி வேறு யாருமல்ல, நம் வீட்டுக் கத்திரிக்காயின் பங்காளி. தண்டிலும் இலை நரம்பிலும் மஞ்சள் நிறமான நேர் முட்கள், ஊதாப் பூ, வெள்ளைக் கோடு போட்ட பச்சைக் காய், பழுத்தால் மஞ்சள். இருமலுக்கும் இரைப்புக்கும் நம் வைத்தியர்கள் காலங்காலமாக இதைத் தேடியிருக்கிறார்கள். தசமூலம் என்று சொல்லப்படும் பத்து வேர்களில் இதன் வேரும் ஒன்று. சளி பிடித்தால் ரசம் வைக்கிறோமே, அந்தத் தூதுவளையும் இதே குடும்பத்து முட்செடிதான்!

இந்தக் குடும்பத்துப் பூவில் ஒரு வேடிக்கை உண்டு. மகரந்தப் பையின் நுனியில் சிறு துளை மட்டுமே இருக்கும். கருவண்டு போன்றவை பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரச் செய்தால், உப்புச் சிமிழைக் குலுக்கியது போல் மகரந்தம் கொட்டும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வயலில் கத்திரிப் பயிர் இல்லாத நாட்களில் அந்த வண்டுகளுக்குச் சோறு போடுவது இப்படிப்பட்ட காட்டுச் செடிகள்தான். கத்திரியின் பூச்சிகளும் நோய்களும் இவற்றில் தங்கக்கூடும் என்பதும் உண்மையே. ஆகவே தோட்டத்தின் ஓரத்தில் இருந்தால் பிடுங்கட்டும். தரிசில் இருந்தால் விட்டுவிடட்டும்.

முள்ளுக்கு மரியாதை கிடைத்த கதையும் நம் ஜில்லாவிலேயே இருக்கிறது. அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பறிப்பவர் கையைக் குத்தும் காய்தான். ஆனால் குழம்பில் போட்டவர்கள் அதன் ருசியைச் சொல்லிச் சொல்லி மாளாது. ஆம்பூர் பிரியாணிக்குக் கத்திரிக்காயைத் தொட்டுக்கொள்ளும் சீமையில் இதை விளக்கவும் வேண்டுமா?

அப்படியானால் முட்செடி எல்லாமே நல்லவையா? இல்லை. வெள்ளி நிறத்து இலையுள்ள அமெரிக்கக் கத்திரி இனம் ஒன்று ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, மொராக்கோ முதலிய நாடுகளின் வயல்களைப் பாழ்படுத்தி, நம் கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் குடியேறியிருக்கிறது. அதன் வேர் ஆழமாக இறங்கும். ஏர் ஓட்டி அறுத்தாலோ, ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாக முளைக்கும்! தென் அமெரிக்காவைச் சேர்ந்த இன்னொரு முட்கத்திரி 1988-ல் புளோரிடாவில் முதன்முதலாகக் காணப்பட்டது. மாடுகள் பழத்தைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பின. சில வருஷங்களுக்குள் மேய்ச்சல் நிலங்கள் அதன் வசமாயின. கடைசியில் அதன் இலையைத் தின்னும் வண்டு ஒன்றை அதன் தாயகத்திலிருந்து வரவழைத்து, 2003-ல் விட வேண்டியதாயிற்று.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி முள் உண்டா இல்லையா என்பதன்று. எங்கிருந்து வந்தது, எப்படிப் பரவுகிறது, யாருக்கு உதவுகிறது என்பவையே.

தோல் பதனிடும் நம் ஊர்களுக்கு இது புதுப் பாடமும் அல்ல. முன்பு இங்கே தோலைப் பதப்படுத்தியது தரிசில் தானாக வளரும் ஆவாரையின் பட்டை. பிற்பாடு பட்டைக்காகப் பெருவாரியாக நட்ட ஆஸ்திரேலிய வாட்டில் மரம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளை விழுங்கிவிட்டது. முள்ளில்லாத மரம்தான், செய்த காரியம் என்ன, பார்த்தீர்களா?

தரிசில் முள் மண்டிவிட்டது என்று அலுத்துக்கொள்கிறோம். ஆடுமாடுகள் மற்றதையெல்லாம் மேய்ந்துவிட்டால் முள்ளுள்ளது மட்டும் மிஞ்சத்தான் செய்யும். நிலத்தைத் தரிசாக்கியது யார்? தோலுக்கு இட்ட உப்பும், பதனிடப் பயன்பட்ட ரசாயனங்களும் கழிவுநீரோடு பாலாற்றிலும் கிணறுகளிலும் கலந்தன. தோல் தொழிற்சாலைகள் உள்ள பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக 1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அசுத்தம் செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டுக்கு நிலைநாட்டிய தீர்ப்பு அது. ஆனாலும் 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு பாலாற்றைப் பற்றி மறுபடியும் கண்டிப்பான உத்தரவு போட நேர்ந்தது. நடுவில் ஓடிப்போனவை இருபத்தெட்டு வருஷங்கள்!

தொழில் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வு தருகிறது. அதை மூடு என்று எவரும் சொல்ல மாட்டார்கள். செய்ய வேண்டியவை சிலவே. அந்நியக் களை முதலில் தலைகாட்டும் இடத்திலேயே, காய்க்கும் முன்பாக, வேரோடு களையப்பட வேண்டும். விவசாய இலாகா அதன் படத்தை ஊர்தோறும் ஒட்டி, ஜனங்களுக்கு அடையாளம் காட்ட வேண்டும். நாட்டுச் செடிகள்மேல் கண்மூடித்தனமாக விஷம் தெளிப்பது நிற்க வேண்டும். இலவம்பாடி விதையை விவசாயிகள் தங்கள் கையிலேயே காப்பாற்றி வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கழிவுநீர் ஆற்றில் சேராமல் தடுக்கப்பட வேண்டும்.

புவிசார் குறியீடு ஒரு பெயர்தான். பெயரை வைத்துக்கொண்டு கத்திரிச் செடி காய்க்காது. அதற்கு நல்ல மண் வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும். காலில் தைத்த முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு நடந்துவிடலாம். கிணற்றில் இறங்கிய உப்பை எந்த முள்வாங்கியால் எடுப்பது?