மலைக்கு மேலே கூடாத குழு

பிரிட்டன் கீழவையில், சாகும் தறுவாயில் உள்ள நோயாளிகள் மருத்துவர் துணையோடு உயிர்விட வழிசெய்யும் மசோதா 2025 ஜூன் 20 அன்று 314-க்கு 291 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேறியது. எதிர்த்த உறுப்பினர்கள் பலரின் கவலை இது: பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்றெண்ணி ஒரு கிழவி 'சரி' சொன்னால், அதை அவளுடைய விருப்பம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? முதியோரைக் குடும்பமே சாகவைக்கும் தலைக்கூத்தலை அறிந்த தமிழ்நாட்டுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எண்ணெய்க் குளியல், இளநீர், பிறகு காய்ச்சல். ஊரே வாய் திறக்காது.

நம் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது பயனற்ற சிகிச்சையை நிறுத்துவதைத்தான். 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலுக்கு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்து, இரண்டு மருத்துவக் குழுக்கள், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். காகிதத்தில் குறையில்லை. ஏற்காட்டுக்கு வாருங்கள். சேர்வராயன் மலைக் கிராமத்துக் குடும்பம் ஒன்று, சேலத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் கைக்காசு கரைந்ததும், 'எங்கள் பொறுப்பில் அழைத்துப் போகிறோம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மூச்சு இழுத்துக்கொண்டிருப்பவரோடு இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், அதுவும் சிகிச்சை நிறுத்தம்தான். எந்தக் குழு கூடப்போகிறது? குழுவில் எத்தனை டாக்டர் என்று கேட்கும் நம் சட்டமன்ற உறுப்பினர்கள், வலிக்கு மார்ஃபின் மலையேறுகிறதா என்று முதலில் கேட்கட்டும். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலிதணிப்புச் சிகிச்சை உண்டு. மலைக் கிராமங்களுக்கு அது மாதம் எத்தனை தடவை போகிறது என்ற கணக்கை, ஊர்வாரியாக, சட்டப்பேரவையில் வைக்கச் சொல்லலாம்.