உயர்ந்தவர் வரலாறும் வீழ்ந்த காடும்

உழைப்பால் உயர்ந்தோரின் வரலாற்றை மாணவர்க்குப் புகட்டுங்கால், நாம் ஒரு பாதியை மாத்திரமே கூறி அமைந்துவிடுகின்றோம் என்பது என் கருத்து. அமெரிக்க மரவணிகர் பிரெடெரிக் வயர்ஹோசரின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

1834ஆம் ஆண்டில் ஜேர்மனியிற் பிறந்த இவர், 1852இல் அமெரிக்காவிற் குடியேறினார். 1860இல், தம் சகலர் டெங்மானுடன் சேர்ந்து, றொக் ஐலண்ட் நகரிலே நொடித்துப்போன மரம் அரியும் ஆலையொன்றை வாங்கினார். விஸ்கொன்சின் காடுகளில் வீழ்ந்த வெள்ளைப் பைன் மரங்கள் சிப்பிவா, மிசிசிப்பி ஆறுகளில் மிதந்து ஆலைகளைச் சேர்ந்தன. 1900இல் இவரும் கூட்டாளிகளும் வாஷிங்டன் மாநிலத்திலே 9 இலட்சம் ஏக்கர் காட்டை ஏக்கர் 6 டொலராக வாங்கினர். 1914இல் இவர் மறைந்தார்.

நாம் கூறும் பாதி இதுவே. மற்றப் பாதி யாது? சிப்பிவா ஆற்றுப் பைன் காடுகள் ஒஜிப்வே மக்களுடையவை. 1837ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அரசின் கைக்கு வந்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்காடுகள் பெரும்பாலும் அழிந்தொழிந்தன. அடிக்கட்டைகள் நிறைந்த நிலத்தை நம்பிவந்த உழவர் பலர் நலிவுற்றனர்.

அம்மரத்தாலன்றோ புல்வெளி நாட்டின் ஊர்களும் வீடுகளும் எழுந்தன என்பர் சிலர். உண்மையே. வயர்ஹோசரைக் கொடியவரென யானும் கூறேன். அன்றைய சட்டமும் சந்தையும் அவர் பக்கமே நின்றன. ஆயினும், ஒருவரின் முயற்சியைப் போற்றும் ஆசிரியர், அம்முயற்சிக்கு விலை கொடுத்தோர் யாவர் என்பதையும் அதே பாடத்தில் உரைத்தல் வேண்டும். இன்றேல் மாணவன் கற்பது வரலாறு அன்று, வெறும் புகழுரையே.