திரீ நொட் திரீயும் கட்டுகஸ்தோட்டைப் பேரனும்

கட்டுகஸ்தோட்டையைப் பூர்வீகமாகக் கொண்டு இப்போது ரொறன்ரோவில் வாழும் வாசகர் ஒருவர் சென்ற மாதம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவரது பாட்டனார் பொலிஸ் சேவையில் இருந்தவர். மகாவலிப் பாலத்தருகே .303 ரைபிளுடன் அவர் காவல் நிற்கும் பழைய புகைப்படம் ஒன்று குடும்பத்தில் பத்திரமாக இருக்கிறதாம். அங்குள்ள வியாபாரி ஒருவரிடம் அதே வகை ரைபிள் விற்பனைக்கு வந்திருக்கிறது. "சிலோனில் இருந்து வந்த சரக்கு" என்று சொல்லி, மற்றவற்றைவிட இரு மடங்கு விலை கேட்கிறாராம் வியாபாரி. "ஐயா, அந்த விலை தகுமா? நான் வாங்கலாமா?" என்பது பேரனின் கேள்வி.

நான் ஆயுத நிபுணன் அல்லன். ஆனால் செய்தி எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில், யார் எதைச் சொன்னாலும் "சான்று எங்கே?" என்று கேட்கும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. அந்தப் பழக்கம் இந்த விடயத்திலும் உதவும் என்றே தோன்றுகிறது.

நம்மவர்கள் 'திரீ நொட் திரீ' என்று அழைக்கும் லீ என்ஃபீல்ட் ரைபிள் அரிய பொருள் அன்று. பிரித்தானியப் பேரரசின் படைகளுக்கென உலகின் பல தொழிற்சாலைகளில் வார்க்கப்பட்டது. எல்லா வகைகளையும் சேர்த்தால் ஒரு கோடியே எழுபது இலட்சம் வரை வரும் என்பது பொதுவான மதிப்பீடு. இங்கிலாந்தின் என்ஃபீல்ட், பர்மிங்ஹாம், அவுஸ்திரேலியாவின் லித்கோ, இந்தியாவின் இஷாப்பூர் ஆகிய இடங்களின் முத்திரைகளை இவற்றில் காணலாம். நமது வாசகர் வாழும் ரொறன்ரோவின் ஓரத்திலுள்ள லோங் பிராஞ்சிலும் இரண்டாம் உலகப் போரின்போது இவை இலட்சக்கணக்கில் செய்யப்பட்டன.

இவ்வளவு பெருந்தொகையான பொருளுக்கு விலையை நிர்ணயிப்பது எது? சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது இலக்கங்களை. உடற்பகுதியிலும் போல்ட்டிலும் முன்மூடியிலும் ஒரே தொடர் இலக்கம் இருக்குமானால், துண்டு துண்டாகச் சேர்த்துப் பொருத்திய துவக்கு அன்று என்று கொள்ளலாம். போல்ட் மாறியிருந்தால் விலை குறைவது மட்டுமல்ல, சுடுபவரின் பாதுகாப்பும் கேள்விக்குரியதாகிறது. அடுத்தது குழாயின் உட்புறம். பழைய இராணுவத் தோட்டாக்கள் சுட்ட பின் குழாயைச் சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் துரு அரித்துவிடும். மூன்றாவது மரப்பகுதி. வேட்டைக்கு வசதியாக முன்மரத்தை அறுத்துக் குறைத்த ரைபிள்கள் ஏராளம். அவற்றுக்குச் சேகரிப்பாளர் சந்தையில் பெரிய மதிப்பில்லை. 'டி.பி.' என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டது. அதில் சுடவே கூடாது. இஷாப்பூரில் 1960களில் செய்யப்பட்ட 2ஏ வகை பார்வைக்கு .303 போலவே இருக்கும். ஆனால் அது 7.62 மில்லிமீற்றர் தோட்டாவுக்கானது. இதை அறியாமல் வாங்குவோர் ஆபத்தை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

இவை யாவும் கண்ணால் பார்த்துச் சோதிக்கக்கூடியவை. 'சிலோன் சரக்கு' என்ற கதையை எப்படிச் சோதிப்பது? சில பழைய ரைபிள்களின் பின்மரத்தில் படைப்பிரிவின் பெயர் பொறித்த பித்தளை வில்லை ஒன்று இருக்கும். ஆனால் அது திருகாணியால் பொருத்தப்படுவது. ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டச் சில நிமிடங்கள் போதும். எந்த இலக்கமுடைய ரைபிள், எந்த ஆண்டு, எந்த நிலையத்துக்கு வழங்கப்பட்டது என்ற பதிவேடு மட்டுமே உண்மையான சான்று. அத்தகைய பதிவேட்டின் பிரதியை வியாபாரி காட்டவில்லை என்றால், இரு மடங்கு விலையில் ஒரு பாதி இரும்புக்கும் மரத்துக்கும் உரியது. மறுபாதி வெறும் வாய்ப்பேச்சுக்கு உரியது.

இவ்விடத்தில் நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். கண்டியைத் தளமாகக் கொண்டு ஐரோப்பியத் தோட்டத்துரைமாரைக் கொண்டமைந்த சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் 1900 முதல் 1949 வரை இயங்கியது. 1944இல் மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டு வந்தார். 1971 ஏப்ரல் கிளர்ச்சியை எதிர்கொண்ட படையினரின் கைகளிலும் பெரும்பாலும் இருந்தவை .303 ரைபிள்களே. இத்தனை வரலாறு நடந்த மலைநாட்டில், அந்த ரைபிள்கள் எங்கே போயின என்பதைச் சாதாரண வாசகன் ஒருவன் தேடிப் பார்க்கக்கூடிய பட்டியல் எதுவும் நம்மிடம் இல்லை.

பட்டியலிடாமல் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்கு நேபாளம் ஓர் உதாரணம். காத்மாண்டுவின் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனைக் களஞ்சியத்தில் குவிந்து கிடந்த பல்லாயிரம் பழைய துவக்குகளை 2003இல் அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக வாங்கிச் சென்றார்கள். மார்டினி ஹென்றி, ஸ்னைடர், நேபாளத்திலேயே செய்யப்பட்ட ககேந்திரா என்று அவற்றில் பல வகைகள். விற்றவர்களுக்கு அது இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பழைய இரும்பு. வாங்கியவர்கள் அதே துவக்குகளைச் சுத்தம் செய்து, வகை பிரித்து, ஒவ்வொன்றாக விற்றார்கள். தன் படை வரலாற்றை ஆராய விரும்பும் நேபாள மாணவன் இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் வீடுகளைத்தான் தேடிப் போக வேண்டும்.

இதற்கு நேர்மாறான உதாரணம் கண்டியிலேயே இருக்கிறது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துச் சென்ற பொருள்களில் லெவ்கே திசாவையின் பீரங்கியும் ஒன்று. அதனுடன் இரண்டு வாள்கள், ஒரு கத்தி, இரண்டு 'மகா துவக்கு' ஆகியவற்றையும் திருப்பித் தர நெதர்லாந்து அரசு 2023 ஜூலையில் முடிவு செய்தது. அவ்வாண்டு இறுதியில் அவை கொழும்பு தேசிய நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன. 'துவக்கு' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். சிங்களவரும் நாமும் ஒன்றாகவே புழங்கும் சொல். அந்தப் பொருள்கள் திரும்பி வரக் காரணம் அவற்றின் தங்கமும் மாணிக்கமும் அல்ல. அவை எங்கிருந்து, எப்படிப் போயின என்று இரு நாட்டு ஆய்வாளர்களும் ஆவணங்களைக் கொண்டு நிறுவியதே காரணம்.

அரண்மனைப் பீரங்கிக்கு உள்ள மரியாதை பொலிஸ்காரரின் ரைபிளுக்கு வேண்டாமா? இலங்கையில் துவக்கு வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது; ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்பட வேண்டும். தற்காப்புக்கென வழங்கப்பட்ட துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு 2024 இறுதியில் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. இவ்வளவு குருதி சிந்திய நாட்டில் இந்தக் கண்டிப்பு தேவையே. துவக்குச் சந்தை ஒன்று இங்கே திறக்கப்பட வேண்டும் என்று நான் ஒருபோதும் வாதிட மாட்டேன். நான் கேட்பது சிறிய காரியம். பழைய ரைபிளொன்றை உருக்குவதற்கு முன் அதன் இலக்கத்தையும் முத்திரைகளையும் வழங்கப்பட்ட இடத்தையும் எழுதி, ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றிரண்டைச் செயலிழக்கச் செய்து நூதனசாலைக்குக் கொடுங்கள்.

"துவக்குகளால் இவ்வளவு பட்ட பிறகு நமக்கு எதற்கு இந்தத் துவக்கு வரலாறு?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரத்தை ஒடுக்க இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது பஞ்சாப் படையினரும் ஆயுதம் தரித்த ஐரோப்பியரும் நடத்திய துப்பாக்கிச் சூடுகளில் மாண்டவர்கள் பலர். எந்தத் துவக்கு யாருக்கு வழங்கப்பட்டது என்ற பதிவு, பேரனுக்கு விலை சொல்வதற்கு மட்டும் உதவுவதன்று. யார் யாரைச் சுட்டார்கள் என்ற கேள்விக்கும் அதுவே விடை. துவக்கை உருக்கும்போது அந்த விடையும் சேர்ந்து உருகுகிறது. துவக்கை வெறுப்பவர்கள்தாம் பதிவை அதிகம் வலியுறுத்த வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி ரொறன்ரோ அன்பருக்கு. கனடாவின் அனுமதிப்பத்திரம் உங்களிடம் இருந்து, இலக்கங்கள் பொருந்தி, குழாயும் நன்றாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் ஏனைய ரைபிள்களுக்குரிய விலையையே கொடுங்கள். சுட எண்ணமிருந்தால் தகுதியான துப்பாக்கித் தொழிலாளி ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். ஊரிலிருந்து எவரேனும் இரகசியமாக ஒன்றைத் தருவதாகச் சொன்னால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். உங்களையும் அவரையும் அது சிறைக்கே கொண்டு போகும்.

பாட்டனாரின் புகைப்படத்தைப் பூதக்கண்ணாடியால் ஒருமுறை பாருங்கள். எந்த நிலையம், எந்த ஆண்டு, எந்த வகை ரைபிள் என்று தெரிந்ததை எல்லாம் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். அம்மாவிடமும் மாமாவிடமும் கேட்டு மிகுதியை நிரப்புங்கள். வியாபாரி உங்களுக்குத் தர முடியாத சான்று அது. அதற்கு ஒரு டொலரும் செலவில்லை. ஆனால் அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.